பிழைத்தவர்கள் எங்கே போனார்கள்? ரோமானிய நிவாரணத்தைத் தேடிப் படித்த அனுபவம்

பொம்பெய் நகரம் அழிந்த வரலாற்றை வகுப்பில் சொல்லி முடிக்கும்போதெல்லாம் மாணவர்களில் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இறந்தவர்களைப் பற்றி இவ்வளவு சொல்கிறீர்களே, பிழைத்தவர்கள் எங்கே போனார்கள், அவர்களுக்கு அரசாங்கம் ஏதாவது செய்ததா என்பதே அது. நியாயமான கேள்வி. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது முதலில் பல மணி நேரம் நுரைக்கல் மழைதான் பொழிந்தது. ஊரைக் கொன்ற கொதிசாம்பல் அலைகள் அதற்குப் பிறகுதான் வந்தன. பொம்பெயில் இதுவரை கிடைத்திருக்கும் உடல்கள் ஆயிரத்துச் சொச்சம். நகரத்தின் மூன்றில் ஒரு பகுதி இன்னும் தோண்டப்படாமல் இருக்கிறது என்பதைச் சேர்த்துக்கொண்டாலும், வெளியேறிப் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருக்க வேண்டும். பாடநூல்கள் அவர்களைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே சொல்லவில்லை என்பதால்தான் நானே தேடிப் படிக்கத் தொடங்கினேன். பல ஆண்டுகள் நூல்களிலும், பிறகு நேப்பிள்ஸ் வளைகுடாவின் ஊர்களிலும் அந்தத் தேடல் தொடர்ந்தது. இந்தப் பொருளைப் படிக்க விரும்புகிறவர்களுக்கும், அந்த ஊர்களுக்குப் போக வாய்ப்புக் கிடைப்பவர்களுக்கும் பயன்படக்கூடும் என்று எனக்குக் கிடைத்ததை எழுதுகிறேன்.

தொடங்க வேண்டிய இடம் ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதிய டைட்டஸ் பேரரசரின் வாழ்க்கை. டைட்டஸ் அரியணை ஏறிச் சில மாதங்களிலேயே வெசுவியஸ் வெடித்தது. அடுத்த ஆண்டு, கி.பி. 80இல், ரோமாபுரியில் மூன்று பகலும் மூன்று இரவும் தீ எரிந்தது. அதே காலத்தில் கொள்ளைநோயும் பரவியது. பொம்பெய் இருந்த வட்டாரமான காம்பானியாவைச் சீரமைப்பதற்கு டைட்டஸ், ரோமின் மிக உயர்ந்த பதவியான கான்சல் பதவியை வகித்தவர்களிலிருந்து சீட்டுக் குலுக்கிப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார் என்றும், வெசுவியஸில் மாண்டவர்களுள் வாரிசு இல்லாதவர்களின் சொத்துகளைப் பாதிக்கப்பட்ட நகரங்களின் மறுகட்டுமானத்துக்கு ஒதுக்கினார் என்றும் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். அனுப்பப்பட்டவர்கள் இருவர் என்பது பிற்கால வரலாற்றாசிரியர் தியோ காசியுஸ் தரும் கூடுதல் செய்தி. காம்பானியாவின் நிவாரணத்தைப் பற்றி இலக்கியச் சான்று என்று நம்மிடம் இருப்பதில் பெரும்பகுதி இவ்வளவுதான்.

இந்தச் சில வரிகளையே நான் பல முறை மெதுவாகப் படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதில் ஒரு நிர்வாகக் கேள்வி கிடைக்கும். பணம் எங்கிருந்து வந்தது என்பது முதற்கேள்வி. வாரிசற்ற சொத்து வழக்கமாக அரசின் கருவூலத்துக்குப் போய்ச் சேரும். டைட்டஸ் அதைத் திருப்பி, அந்த மண்ணுக்கே கொடுத்தார். அரசு தனக்கு வரவேண்டிய வருவாயைத் துறந்தது என்பதால் இது உண்மையான கொடைதான். ஆனால் வாரிசு இல்லை என்று முடிவு செய்தவர் யார்? வீடும், வீட்டோடு மெழுகுப் பலகை ஆவணங்களும் புதைந்துபோன ஒருவர் தம் உறவை எப்படி மெய்ப்பித்திருப்பார்? பொம்பெயோடு புதைந்த அண்டை ஊரான ஹெர்குலேனியத்தில் கிடைத்த மெழுகுப் பலகைகளில் பெட்ரோனியா யூஸ்தா என்ற பெண்ணின் வழக்கு இருக்கிறது. அவள் தாய் அடிமைத்தளையிலிருந்து விடுபடுவதற்கு முன்பு பிறந்தாளா, பின்பு பிறந்தாளா என்பதே வழக்கு. அமைதியான காலத்திலேயே சாட்சிகளைத் தேடிப் பிடித்து அவ்வளவு போராட வேண்டியிருந்தது என்றால், பேரழிவுக்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். யாருக்குக் கொடுத்தார்கள் என்பது இரண்டாவது கேள்வி. சுவெட்டோனியஸின் விடை தெளிவானது: நகரங்களுக்கு. தனி மனிதருக்கு அல்ல. ரோமானிய நிவாரணத்தைப் படிப்பவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இதையே என்பது என் கருத்து. பேரரசு நகரங்களோடு பேசியது, நகரங்களுக்கு வரியைத் தள்ளுபடி செய்தது, நகரங்களின் கோயிலையும் குளியல் மண்டபத்தையும் கட்டிக் கொடுத்தது. கூரை இழந்த குடும்பம் அந்தக் கணக்கில் நேரடியாக வருவது அரிது.

இதற்கு நேர்ச் சான்றாக ஒரு பளிங்குப் பீடம் நேப்பிள்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. கி.பி. 17இல் இன்றைய மேற்குத் துருக்கியில், அன்றைய ஆசியா மாகாணத்தில், ஒரே இரவில் பன்னிரண்டு நகரங்கள் நிலநடுக்கத்தில் சரிந்தன. இரவு நேரம் என்பதால் வெட்டவெளிக்கு ஓடித் தப்பவும் வழியில்லாமல் போயிற்று என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட சார்திஸ் நகரத்துக்குப் பேரரசர் டைபீரியஸ் 1 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) வழங்க முன்வந்ததோடு, ஐந்தாண்டு வரியையும் தள்ளுபடி செய்தார். சிப்பிலஸ் மலையடிவாரத்து மக்னீசியாவுக்கு அடுத்த இடம். தெம்னோஸ், பிலதெல்பியா, மிரீனா, கீமே முதலான மற்ற நகரங்களுக்கும் வரி விலக்கு உண்டு. நிலைமையை நேரில் பார்த்து உதவ மார்க்கஸ் அதேயுஸ் என்ற செனட்டர் அனுப்பப்பட்டார். அவர் முன்னாள் பிரீட்டர் பதவியில் இருந்தவர். ஆசியாவின் ஆளுநர் முன்னாள் கான்சல் என்பதால், அவருக்குச் சமமான ஒருவரை அனுப்பினால் இருவருக்கும் இடையே போட்டி மூண்டு வேலை கெட்டுவிடும் என்று கருதி, ஒரு படி கீழே உள்ளவரைத் தேர்ந்தார்கள். டாசிட்டஸ் போகிற போக்கில் சொல்லும் இந்தக் காரணம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பேரிடர்க் களத்தில் இரண்டு அதிகாரிகள் ஒருவரையொருவர் முந்தப் பார்த்தால் பாதிக்கப்பட்டவர்களே நடுவில் நசுங்குவார்கள் என்பதை அந்த நிர்வாகம் அறிந்திருந்தது.

இனி அந்தப் பீடம். கி.பி. 30இல் புத்தெயோலி துறைமுக நகரத்தின் அகஸ்தாலிஸ் என்ற பேரரசர் வழிபாட்டு அமைப்பினர், பெரும்பாலும் விடுதலை பெற்ற அடிமைகளாகிய வணிகர்கள், டைபீரியஸுக்கு ஒரு சிலை நிறுவினார்கள். ரோமாபுரியில் நின்ற பெரிய நினைவுச் சின்னம் ஒன்றைப் பார்த்துச் செய்த சிறிய வடிவம் அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பீடத்தின் நான்கு பக்கமும் உதவி பெற்ற நகரங்கள் மனித உருவில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் காலடியிலும் அதன் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. பின்னாளில் பாதிக்கப்பட்ட கிபிராவும் எபேசுவும் சேர்ந்து மொத்தம் பதினான்கு நகரங்கள். மேலே இருந்த பேரரசர் சிலை மறைந்துவிட்டது. இதன் அருகில் நின்று பார்த்தபோது நிவாரணத்தின் ஆவணம் எப்படி உருவாகிறது என்பது எனக்குத் தெளிவாயிற்று. கொடுத்தவர் பெயரைப் பாதுகாக்கவே இதைச் செதுக்கினார்கள். பெற்றவர்கள் நகரங்களாகச் சுருக்கப்பட்டு அவருடைய காலுக்குக் கீழே அலங்காரமாக நிற்கிறார்கள். டைபீரியஸ் வெளியிட்ட செஸ்டர்ஸ் நாணயத்தின் வாசகமும் ஆசியாவின் நகரங்கள் மீட்கப்பட்டன என்றே அறிவிக்கிறது. நாணயம் கைக்குக் கை மாறும் பொருள், ஆகையால் அரசின் நல்ல பெயரை அதைவிட வேகமாகப் பரப்பும் கருவி அன்று இல்லை. இதற்காக அந்த உதவியைப் பொய் என்று தள்ளிவிடக் கூடாது. சார்திஸ் மீண்டும் எழுந்தது. ஆனால் நாம் கையில் வைத்திருக்கும் சான்று கொடுத்தவரின் சான்று என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

தொகைகளைப் படிக்கும்போது எனக்கு மிகவும் உதவிய வழி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செஸ்டர்ஸை இன்றைய ரூபாய்க்கு மாற்ற முயல்வது வீண். அதற்குப் பதிலாக அந்தக் காலத்துப் படைவீரரின் ஓராண்டுச் சம்பளமான 900 செஸ்டர்ஸை அளவுகோலாக வைத்துக்கொண்டால் தொகையின் உண்மையான கனம் தெரியும். சார்திஸுக்குக் கிடைத்த 1 கோடி என்பது ஏறத்தாழ 11,000 வீரர்களின் ஓராண்டுச் சம்பளம், அதாவது இரண்டு லீஜியன் படைகளுக்கு ஓராண்டு ஆகும் சம்பளச் செலவு. ஒரு நகரத்துக்கு அது பெரிய தொகை. பேரரசுக்கோ தாங்கக்கூடிய தொகை. அதே அளவுகோலைக் கொண்டு கி.பி. 36இல் ரோமாபுரியின் அவெந்தீன் குன்றை ஒட்டி எரிந்த தீயைப் பாருங்கள். டைபீரியஸ் அப்போது கொடுத்தது 10 கோடி செஸ்டர்ஸ். சார்திஸுக்குக் கொடுத்ததைப் போல் பத்து மடங்கு. தலைநகரமும் மாகாணமும் ஒன்றல்ல என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடுகிறது.

அந்த 36ஆம் ஆண்டுத் தீ இன்னொரு வகையிலும் கவனிக்கத்தக்கது. இங்கே பணம் நகரத்துக்குப் போகவில்லை, எரிந்த வீடுகளுக்கும் அடுக்குக் குடியிருப்புகளுக்கும் உரிய விலையாகப் போயிற்று. ஒவ்வொருவரின் இழப்பையும் மதிப்பிட ஒரு குழு அமைக்கப்பட்டது. டைபீரியஸின் பேத்திகளை மணந்த நால்வரும், கான்சல்களின் பரிந்துரையால் சேர்க்கப்பட்ட புப்ளியுஸ் பெட்ரோனியஸும் அதில் இருந்தார்கள். இழப்பீட்டுக்கு முன் மதிப்பீடு, மதிப்பீட்டுக்கு ஒரு குழு என்ற நடைமுறை அப்போதே இருந்தது என்பது வியப்புக்குரியது. ஆனால் விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். அடுக்குக் குடியிருப்பின் விலை அதன் உரிமையாளருக்குத்தான் உரியது. அவெந்தீன் பகுதியில் வாடகை அறைகளில் வாழ்ந்த துறைமுகத் தொழிலாளர்களும் சில்லறை வணிகர்களும், தங்கள் பாயும் பானையும் கருவியும் எரிந்ததற்கு என்ன பெற்றார்கள் என்பதை டாசிட்டஸ் சொல்லவில்லை. நிவாரணச் செய்தி எந்தக் காலத்தினதாக இருந்தாலும், குடியிருந்தவரா உரிமையாளரா என்ற இந்தக் கேள்வியை அதன்முன் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இங்கிருந்துதான் வந்தது. மாணவர்களுக்கும் அதையே முதற்பயிற்சியாகக் கொடுக்கிறேன்.

உயிரோடு இருப்பவர்களை உடனடியாகக் காப்பாற்றியதற்கு நல்ல எடுத்துக்காட்டு, பலரும் எதிர்பாராத இடத்தில், நீரோவின் ஆட்சியில் இருக்கிறது. கி.பி. 64இன் பெருந்தீயில் ரோமாபுரியின் பதினான்கு வட்டாரங்களுள் நான்கு மட்டுமே சேதமின்றி எஞ்சின. மூன்று வட்டாரங்கள் தரைமட்டமாயின. நீரோ மார்ஸ் திடலையும் அக்ரிப்பாவின் கட்டடங்களையும் தம் சொந்தத் தோட்டங்களையும் மக்களுக்குத் திறந்துவிட்டார், தற்காலிகக் கொட்டகைகள் போடச் செய்தார், ரோமாபுரியின் துறைமுகமான ஒஸ்தியாவிலிருந்தும் அண்டை ஊர்களிலிருந்தும் பொருள்களைத் தருவித்தார், தானியத்தின் விலையை மோதியஸ் என்ற முகத்தலளவு ஒன்றுக்கு 3 செஸ்டர்ஸாகக் குறைத்தார். நீரோவை வெறுத்த டாசிட்டஸே இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார் என்பதால் ஐயப்பட வேண்டியதில்லை. மறுகட்டுமான விதிகளும் அறிவோடு வகுக்கப்பட்டன. தெருக்கள் அகலமாயின. வீட்டுக்கு வீடு தனிச்சுவர் கட்டாயமாயிற்று. கட்டடத்தின் ஒரு பகுதியைத் தீத்தாங்கும் கல்லால் கட்ட வேண்டும், தீயணைக்கும் கருவிகளை ஒவ்வொருவரும் எளிதில் எட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தார்கள். தானியம் ஏற்றி ஆற்றில் மேலே வந்த கப்பல்கள் திரும்பும்போது இடிபாடுகளை ஏற்றிச் சென்று ஒஸ்தியாவின் சதுப்பு நிலங்களில் கொட்டின. குறித்த காலத்துக்குள் கட்டி முடித்தவர்களுக்கு அவரவர் தகுதிக்கும் செல்வத்துக்கும் ஏற்ப ஊக்கத்தொகை உண்டு. இதற்கெல்லாம் இத்தாலியும் மாகாணங்களும் கோயில்களும் சுரண்டப்பட்டன என்பதையும் டாசிட்டஸ் அதே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஓரிடத்துக் கொடை இன்னோரிடத்துப் பறிமுதலாக இருக்கக்கூடும். கி.பி. 80இன் தீக்குப் பிறகு டைட்டஸ் தம் மாளிகைகளின் அலங்காரப் பொருள்களையே கோயில்களுக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் கொடுத்ததையும், தனியாரும் நகரங்களும் அரசர்களும் தர முன்வந்த பெருந்தொகைகளை ஏற்க மறுத்ததையும் இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அவருக்குக் கிடைத்த நற்பெயரின் காரணம் விளங்கும்.

மீண்டும் காம்பானியாவுக்கு வருகிறேன். பொம்பெய்க்குப் போகிறவர்கள் பெரும்பாலும் 79ஆம் ஆண்டை மட்டுமே தேடுகிறார்கள். நான் அங்கே தேடியது 62ஆம் ஆண்டை. அந்த ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தைப் பற்றி அக்காலத் தத்துவ அறிஞர் செனெக்கா எழுதியிருக்கிறார். ஆண்டு 63 என்று கொள்வோரும் உண்டு. வெசுவியஸ் வெடிப்பதற்கு முன் பதினேழு ஆண்டுகள் இந்த ஊர் பேரிடரிலிருந்து மீண்டுவர முயன்றுகொண்டிருந்தது. அந்த முயற்சியை அங்கே கல்லிலும் செங்கல்லிலும் இன்றும் பார்க்கலாம். மைய நீராடு மண்டபம் கட்டி முடியாமலே நின்றுபோயிற்று. கெசிலியுஸ் யூகுந்துஸ் என்ற ஏலக்காரரும் வட்டித் தொழிலருமானவரின் வீட்டிலிருந்து 150க்கும் மேற்பட்ட மெழுகுப் பலகைகள் கிடைத்தன. அவற்றின் கடைசித் தேதி 62 சனவரி. நகர மையத் திடலின் கோயில் சாய்வதைக் காட்டும் பளிங்குப் புடைப்புச் சிற்பமும் அதே வீட்டைச் சேர்ந்தது. நிலநடுக்கத்தைக் கண்ட ஒருவருடைய வீட்டார் தங்கள் வழிபாட்டு மாடத்துக்காகச் செய்த சிற்பம் என்பதால், பேரரசர்களின் கல்வெட்டுகளைவிட எனக்கு அது மதிப்பு மிக்கது.

பொம்பெயில் எகிப்தியப் பெண் தெய்வமான இசிஸின் கோயில் வாயிலின் கல்வெட்டைத் தவறாமல் படியுங்கள். மூலம் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிலநடுக்கத்தில் இடிந்த கோயிலை அடித்தளத்திலிருந்து தம் பணத்தில் எழுப்பியவர் நுமேரியுஸ் போபிதியுஸ் செல்சினுஸ் என்றும், அதற்காக ஊரவை அவரைக் கட்டணமின்றி உறுப்பினராக ஏற்றது என்றும், அப்போது அவருக்கு வயது ஆறு என்றும் அது சொல்கிறது. ஆறு வயதுக் குழந்தைக்கு ஏது பணம்? கட்டியவர் தந்தை. அவர் விடுதலை பெற்ற அடிமை என்பதால் ஊரவையில் அமர அவருக்குச் சட்டம் இடம் தரவில்லை. மகன் பெயரில் கட்டி மகனுக்கு அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தார். அரசின் கை எட்டாத இடத்தில் புதுப் பணக்காரர்கள் உள்ளே வந்தார்கள் என்பதற்கும், மறுகட்டுமானத்தின்போது சமூகத்தின் ஏணியே ஆட்டம் காண்கிறது என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது நுசேரியா வாயிலுக்கு வெளியே நிற்கும் கல். வெஸ்பாசியன் பேரரசரின் ஆணையால், தனியார் பிடித்து வைத்திருந்த பொது நிலங்களை, வழக்குகளை விசாரித்து, அளந்து பார்த்து, பொம்பெய் மக்களின் ஊராட்சிக்குத் திருப்பிக் கொடுத்தவர் படைத் தலைவர் திதுஸ் சுவேதியுஸ் கிளெமென்ஸ் என்று அதில் பொறித்திருக்கிறது. நிலநடுக்கத்துக்குப் பிந்தைய குழப்பத்தில்தான் இந்த ஆக்கிரமிப்புகள் நேர்ந்தன என்று கல்வெட்டு சொல்லவில்லை, ஆனால் காலம் பொருந்துகிறது. உள்ளூர் அவையால் தீர்க்க முடியாததைத் தீர்க்க, உள்ளூரில் யாருக்கும் கடன்படாத ஒருவரை வெளியிலிருந்து அனுப்பி, அளந்து முடித்ததை நகர வாயில்களில் எல்லாரும் பார்க்கும்படி கல்லில் எழுதி வைத்தார்கள். பேரிடர் நிவாரணம் என்றால் சோறும் கூரையும் மட்டும் நினைவுக்கு வரும் நமக்கு, நில அளவையும் நிவாரணத்தின் ஒரு பகுதிதான் என்பதை இந்தக் கல் நினைவூட்டுகிறது.

இனி, பிழைத்தவர்களை எப்படித் தேடுவது என்பதற்கு வருகிறேன். அமெரிக்க வரலாற்றாசிரியர் ஸ்டீவன் டக் இதற்கு ஒரு முறையை வகுத்திருக்கிறார். பொம்பெயிலும் ஹெர்குலேனியத்திலும் வழங்கிய, பிற ஊர்களில் அரிதான குடும்பப் பெயர்களைத் திரட்டி, 79க்கு முன் இல்லாமல் அதற்குப் பின் மட்டும் அவை எந்த ஊர்க் கல்வெட்டுகளில் தோன்றுகின்றன என்று பார்ப்பது அதன் அடிப்படை. கூமே, நேப்பிள்ஸ், புத்தெயோலி, ஒஸ்தியா ஆகிய ஊர்கள் அப்படித்தான் வெளிப்பட்டன. பொம்பெயின் கால்டிலியுஸ் குடும்பப் பெயர் ஒஸ்தியாவில் தென்படுகிறது. அங்கே கி.பி. 127இல் அர்ப்பணிக்கப்பட்ட, எகிப்தியத் தெய்வமான செராபிஸின் கோயிலைத் தம் பணத்தில் கட்டியவரும் ஒரு கால்டிலியுஸ்தான். இன்றைய ருமேனியாவின் ஆதம்கிலிசியில், போரில் மாண்ட வீரர்களுக்கு எழுப்பிய நினைவுப் பலிபீடத்தில், சொந்த ஊர் பொம்பெய், இருப்பிடம் இத்தாலியின் நேப்பிள்ஸ் என்று படிக்கப்படும் ஒரு பதிவு உண்டு. கல் உடைந்து பெயர் அழிந்துவிட்டது. ஒருவர் தம் ஊர் மண்ணுக்கடியில் போன பிறகும் அதைத் தம் ஊராகவே சொல்லிக்கொண்டார் என்றால் அது எனக்கு நெஞ்சைத் தொடும் செய்தி. நேப்பிள்ஸிலேயே பிற்காலக் கல்வெட்டு ஒன்று ஹெர்குலேனியத்தாரின் வட்டாரம் என்று நகரின் ஒரு பகுதியைக் குறிக்கிறது.

இந்த முறையை நீங்களே வீட்டிலிருந்து செய்து பார்க்கலாம். கிளாஸ்–ஸ்லாபி கல்வெட்டுத் தரவுத்தளம் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. குடும்பப் பெயரையும் ஊரையும் கொடுத்துத் தேடினால் போதும், லத்தீன் அரைகுறையாகத் தெரிந்தாலும் பெயர்களைப் பிடித்துவிடலாம். முதலில் பொம்பெயின் நுசேரியா வாயிலுக்கு வெளியே உள்ள கல்லறைத் தெருவின் பெயர்களைப் படித்துப் பழகிவிட்டு, பிறகு ஒஸ்தியாவின் பெயர்களுக்குப் போவது எனக்கு எளிதாக இருந்தது. மூன்று எச்சரிக்கைகள் அவசியம். விடுதலை பெற்ற அடிமை தம் பழைய உரிமையாளரின் குடும்பப் பெயரையே சூடிக்கொள்வார், ஆகவே ஒரே பெயர் என்பதால் ஒரே இரத்தம் என்று கொள்ளக் கூடாது. வணிகத்துக்காக 79க்கு முன்பே இடம் மாறியவர்களும் உண்டு. கல்வெட்டில் சதுர அடைப்புக்குள் இருக்கும் எழுத்துகள் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியவை, கல்லில் இருப்பவை அல்ல. இவற்றுக்கெல்லாம் மேலாக, கல் வெட்டும் அளவுக்குக் காசு வைத்திருந்தவர்களே இந்த வலையில் விழுவார்கள். தோட்டக் கூலிகளும் அடிமைகளும் எந்த ஊருக்கு நடந்து போனார்கள் என்று எந்தக் கல்லும் சொல்லாது.

புத்தெயோலி, இன்றைய பொசுவோலி, இந்தத் தேடலில் என்னை மிகவும் நிறுத்திவைத்த ஊர். அதன் பெரிய அரங்கின் கல்வெட்டு, ஃபிளாவிய அரச குடும்பத்தின் (வெஸ்பாசியன், டைட்டஸ்) பெயர் தாங்கிய குடியேற்றமான புத்தெயோலி தன் சொந்தப் பணத்தில் இதைக் கட்டியது என்று பெருமையோடு அறிவிக்கிறது. அகதிகள் வந்து சேர்ந்த அதே தலைமுறையில் ஊர் இப்படிக் கட்டிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தபடி அதன் நிலவறைகளில் நடந்தேன். கட்டுமான வேலை நடக்கும் ஊரை நோக்கித்தான் வீடிழந்தவர்கள் போவார்கள் என்பது என் ஊகம். அந்த ஊர் இன்னும் எரிமலைப் பள்ளத்தின்மேல்தான் இருக்கிறது. தரை எழுந்தும் தாழ்ந்தும் கொண்டிருக்கிறது, பழைய சந்தை மண்டபத்தின் தூண்களில் கடல் சிப்பிகள் துளைத்த தடம் ஆள் உயரத்துக்கு மேல் தெரிகிறது. 1970இல் அதன் பழைய மேட்டுக் குடியிருப்பான ரியோனே தெர்ராவை அரசு காலி செய்தது. 1983–84இல் மீண்டும் ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டார்கள். வெசுவியஸைச் சுற்றியுள்ள 25 நகராட்சிகளின் மக்கள் வெளியேற நேர்ந்தால் ஒவ்வொரு நகராட்சியாரையும் ஏற்பதற்கு இத்தாலியின் வெவ்வேறு மாநிலங்கள் இன்று முன்கூட்டியே இணைக்கப்பட்டிருக்கின்றன. ஓர் ஊரார் சிதறாமல் ஓரிடத்துக்கே போய்ச் சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். 79இல் அப்படி யாரும் ஏற்பாடு செய்யவில்லை, உறவும் வணிகத் தொடர்பும் இருந்த திசையில் அவரவர் போனார்கள்.

எல்லாரும் போய்விடவும் இல்லை. பொம்பெயின் ஒரு வீட்டுச் சுவரில் இந்த வீடு துளைக்கப்பட்டுவிட்டது என்று கீறியிருக்கிறது, புதைந்த பொருள்களைத் தேடிச் சாம்பலைத் தோண்டி இறங்கியவர்களின் குறிப்பு அது. சாம்பலுக்கு மேலே துருத்திக்கொண்டு நின்ற மேல்மாடிகளில் சிலர் குடியேறி, பழைய தரைத்தளங்களை நிலவறையாகவும் அடுப்பு வைக்கும் இடமாகவும் பயன்படுத்தி, பல தலைமுறைகள் வாழ்ந்தார்கள் என்பதை பொம்பெய் தொல்பொருள் பூங்கா 2025இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. டைட்டஸின் இரண்டு பொறுப்பாளர்களும் இந்த நகரத்தை மீண்டும் நகரமாக்கவில்லை. உதவி, மக்கள் போய்ச் சேர்ந்த ஊர்களுக்கும், மீட்கக்கூடிய ஊர்களுக்கும் போயிற்று. நேப்பிள்ஸில் நிலநடுக்கங்களால் இடிந்தவற்றை டைட்டஸ் சீரமைத்ததைச் சொல்லும் இருமொழிக் கல்வெட்டு உண்டு. சரியான முடிவுதான் என்று நினைக்கிறேன். ஆனால் போக்கிடமின்றித் திரும்பி வந்தவர்கள் எந்தக் கணக்கிலும் சேராமல் போனார்கள்.

உதவியின்றி மீண்ட நகரமும் உண்டு, தடுப்பை மறுத்த பேரரசரும் உண்டு. கி.பி. 60இல் நிலநடுக்கத்தில் இடிந்த ஆசியா மாகாணத்து லவோதிக்கேயா ரோமாபுரியின் உதவியின்றித் தன் செல்வத்தாலேயே மீண்டது என்று டாசிட்டஸ் எழுதுகிறார். நெசவுத் தொழிலால் செழித்த ஊர் அது. மற்றொன்று கசப்பானது. இன்றைய வடமேற்குத் துருக்கியிலிருந்த பித்தினியாவின் ஆளுநராக இருந்த இளைய பிளினி, 79இன் வெடிப்பின்போது பதினேழு வயதில் நேப்பிள்ஸ் வளைகுடாவின் மிசேனத்துச் சாலையில் தாயோடு சாம்பலுக்குள் நடந்தவர், நிக்கொமீதியா நகரத்தில் தீப்பற்றியபோது மக்கள் கைகட்டி வேடிக்கை பார்த்ததையும் ஊரில் ஒரு நீர்ப்பீச்சியோ வாளியோ இல்லாததையும் டிராஜன் பேரரசருக்கு எழுதி, 150 கைவினைஞர் கொண்ட தீயணைப்புச் சங்கம் அமைக்க அனுமதி கேட்டார். ஆள்களைத் தாமே கண்காணிப்பதாகவும் உறுதி கூறினார். டிராஜன் மறுத்தார். எந்தப் பெயரில் கூடினாலும் மக்கள் சங்கம் சீக்கிரமே அரசியல் கூட்டமாகிவிடும், கருவிகளை வாங்கி வைத்து வீட்டுக்காரர்களையே பயன்படுத்தச் சொல்லுங்கள் என்பது அவர் பதில். இந்த இரண்டு கடிதங்களும் மிகச் சிறியவை, பத்தே நிமிடத்தில் படித்துவிடலாம். பிளினியின் பத்தாவது தொகுதியில் 33ஆம், 34ஆம் கடிதங்கள். ரோமானிய நிவாரணத்தைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு, பேரரசர்களின் கொடைப் பட்டியலுக்கு முன்பே இவற்றைக் கையில் கொடுப்பது என் வழக்கம்.